தூக்கத்துக்குப் போட்ட பூஜ்யம்

எங்கள் தோல் பிரிவில் கரப்பான் நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுப்போம். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண்; தொல்லை கூடினால் மதிப்பெண்ணும் கூடும். போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்று பிள்ளைகளே யோசித்து மதிப்பெண் போட வேண்டும். பக்கத்தில் இருந்து அம்மாக்கள் எடுத்துக் கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். நீங்க வெளிய இருங்கம்மா" என்று வராந்தாவுக்கு விரட்டிவிடுவேன். பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் நன்றாகக் கைவந்த கலை அது.

பதினாலு வயதுக்காரி ஒருத்தி வந்தாள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவாள். அதனால் நான் வைத்த பெயர் 'முழுக்கை'. கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னேன். வாராவாரம் வந்து பன்னிரண்டு தாள் எழுதினாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

கரப்பானுக்குப் புதிதாக ஒரு ஊசி வந்திருந்தது. சராசரி பதினேழைத் தாண்டியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். முழுக்கைக்குப் பதினைந்து. அவளுக்கு ஊசி கேட்டு அனுப்பிய மனு திரும்பி வந்த பிறகுதான் தாள்களைப் புரட்டினேன். தூக்கக் கேள்விக்குப் பன்னிரண்டிலும் பூஜ்யம்.

"ஏண்டி, ராத்திரி நல்லாத் தூங்கறியா?"

"தூங்கறேனே நர்ஸக்கா. நாலஞ்சு தடவ எழுந்து சொறிஞ்சிட்டு, ரத்தம் பட்ட துணிய மாத்திட்டுப் படுத்துப்பேன்."

"அதுக்குப் பேர்தாண்டி தூக்கம் கெடறது!"

"எல்லாரும் அப்படித்தானே எழுந்திருப்பாங்க?"

பிறந்த நாலாம் மாதத்தில் வந்த கரப்பான். கெடாத தூக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டரிடம் ஓடினேன். "அவளே எழுதினது. இனிமே மாத்த முடியாது. அடுத்த வருஷம் ஊசி வந்தா பார்க்கலாம்" என்றார். வந்தால்.

வராந்தாவில் இருந்த அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை.

"தினமும் அவகூட எழுந்து துணி மாத்தி விடறது நான்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

முழுக்கை சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

"விடும்மா. நல்லாத்தானே தூங்கறேன்."