மடு மண் முடிச்சு

தலைமன்னார்த் துறையில் நின்ற கப்பலுக்கு டீசல் ஏற்ற, எண்ணெய்ப் படகில் ஜஸ்ரின் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது கீரிக் கிராமத்திலிருந்து தாய் மாக்கிறட் அழைத்தாள். நல்ல நேரம் பார்த்தாள் மனிசி!

"பயப்பிடாதை மோனே. ஞாயிறு பாதர் படகை மந்திரிக்கேக்கை, ஒரு முடிச்சு மடுக்கோயில் மண்ணை எண்ணெய்த் தாங்கிக்கை போட்டனான். மாதா பாத்துக்கொள்ளுவா."

வீட்டு வாசலிலும் வள்ளத்திலும் எல்லாரும் தூவுகிற மண்தான். அதற்காக எண்ணெய்க்குள்ளா போடுவது? கப்பல் எஞ்சினுக்குள் மண் போனால் நடுக்கடலில் நின்றுவிடும். போதாததற்குப் புகைச் சட்டம் வேறு. கந்தகம் குறைந்த எண்ணெயைத்தான் கப்பலில் எரிக்கலாம். மாதிரிப் போத்தலுக்கு முத்திரை வைத்து, சுத்தமானது என்று கையெழுத்திடுகிறவன் ஜஸ்ரின். அது பிழையானால் மறியலில் கம்பி எண்ணுகிறவனும் அவன்தான்.

படகின் சொந்தக்காரன் றொட்னி, அக்காவின் கணவன். அவனிடம் ஓடிப்போய்ச் சொன்னான். கப்பலுக்கு விடாமல் பம்பைக் கொஞ்சம் ஓட்டினால் எண்ணெயை வடிகட்டுகிற வடியில் முடிச்சு வந்து மாட்டும், எடுத்துவிடலாம் என்று கெஞ்சினான்.

தளத்தில் ஒரு துளி அழுக்கைக் கண்டாலே கத்துகிற றொட்னி, ஒரு பிடி மண்ணுக்கு என்னடா என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. வடியைத் திறப்பதைக் கப்பல்காரர் கண்டால் படகின் அனுமதி போய்விடும், அக்காவும் பிள்ளைகளும் தெருவில்தான் என்றான். தாங்கியின் மேலிருந்து அள்ளின மாதிரியை நீட்டினான். தேன் நிறத்தில் பளிச்சென்றிருந்தது.

"கையெழுத்தை வைச்சிட்டுப் பேசாமல் இரு."

ஜஸ்ரின் பேனாவை எடுத்தான். மேலே கப்பல் எஞ்சினியர் கையசைத்து அவசரப்படுத்தினான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே! பேனாவை வைத்துவிட்டுப் பம்பைப் போட்டான். றொட்னி கையைப் பிடித்தான். உதறிவிட்டு, பம்பை நிறுத்தி வடியின் மூடியைத் திருகினான்.

முடிச்சு இருந்தது. கட்டு அவிழவில்லை, மண் சிந்தவில்லை. ஆனால் வடி முழுக்கத் தார்போலக் கறுப்பெண்ணெய். அடியில் கந்தகம் கூடின மலிவான எண்ணெயை நிரப்பி, மேலே நல்லதை ஊற்றியிருக்கிறார்கள்.

சொந்த அத்தானே இப்படிச் செய்வார் என்று ஜஸ்ரின் கனவிலும் நினைக்கவில்லை.

"அத்தான், அம்மா போட்டது மண். இதை ஆர் போட்டது?"



ஜஸ்ரின் முடிச்சைச் சட்டையில் துடைத்தான். கறுப்புப் போகவில்லை. அதைப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் போத்தல் ஒன்றில் கறுப்பெண்ணெயை நிரப்பி, எஞ்சினியரிடம் காட்டக் கப்பலின் ஏணியைப் பிடித்தான்.

"அக்காவை நினைச்சுப் பார்," என்றான் றொட்னி.

அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் ஏறினான்.