புகை காந்தத்தில் ஒட்டாது

போன வாரம் கம்பெனி டாக்டர் சிரித்த சிரிப்பு தங்கச்சியின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு இரும்பு வார்ப்புகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்கும் வேலை. இருமினால் சளி கறுப்பாக வந்தது. எல்லாம் சிகரெட்டின் வேலை என்று டாக்டர் எழுதிவிட்டார். அண்ணன் சிகரெட்டைத் தொட்டவனே இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் அதே தூசிக்குள் போய் நிற்க வேண்டும்.

தங்கச்சி வேலை பார்ப்பது ஆய்வுக்கூடத்தில், ஒரு வைரத்துணுக்கோடு. அந்த வைரத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணு, பக்கத்திலேயே அணு இல்லாத ஒரு காலி இடம். நகைக்கடையில் அது குறை. இங்கே அதுதான் வேலையாள். பச்சை ஒளியும் மைக்ரோவேவும் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் எள்ளளவு காந்தம் இருந்தாலும் அந்த ஒளி மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"நேர்ல வந்து பாருங்க" என்று போன வாரம் டாக்டரை அழைத்தவள் அவள்தான். ஷிப்ட் முடிந்து நேராக வந்த அண்ணனைப் படுக்க வைத்தாள். வைரத்தை நெஞ்சருகே இறக்கியதும், திரையில் காந்தத்தைக் காட்டும் கோடு கூரைக்கு எகிறியது. டாக்டர் அண்ணன் தலைமுடியில் விரலை விட்டு, ஒட்டிய கருந்தூளைக் காட்டிச் சிரித்தார். "தலைல இருக்கறதெல்லாம் நுரையீரலாம்மா?"

வருகிறவன் போகிறவன் பெல்ட்டை எல்லாம் கழற்றச் சொல்பவள், அண்ணன் தலையை மறந்துவிட்டாள். தலையணையிலும் சோப்பிலும் அந்தத் தூளைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது இரும்பாகவே தோன்றவில்லை.

இன்று அண்ணன் மொட்டைத் தலையோடு, ஆய்வுக்கூடத் துணி கட்டிப் படுத்திருந்தான்.

"வைரக்காரி, என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு தேய்ச்சுக் குளிக்கல."

"பேசாம படுண்ணே."

பெரிய காந்தத்தை நெஞ்சருகே கொண்டுவந்து, நுரையீரலுக்குள் இருக்கிற தூளைக் காந்தமாக்கிவிட்டு, அந்தப் பெரிய காந்தத்தைத் தூர நகர்த்தினாள். பிறகு வைரத்தை இறக்கினாள். கோடு ஏறியது. போன வாரத்தளவு இல்லை, ஆனால் ஏறியது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சிகரெட் பிடிச்சாலும் உள்ள கறை படியும்மா."

"கறை படியும் சார். காந்தத்துல ஒட்டுமா?" அவள் குரல் உயர்ந்தது. "உங்க சட்டைப்பையில பாக்கெட் இருக்கே. வச்சுட்டு வந்து படுங்க."

"என்னம்மா இது, மரியாதை இல்லாம?"

"மரியாதையாத்தான் சொல்றேன். படுங்க சார்."

அண்ணன் எழுந்து இடம் விட்டான். "வாங்க டாக்டர். சூடாத்தான் இருக்கு."

சட்டையையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு வீம்புக்குப் படுத்தார். அவருக்கும் அதே காந்தம், அதே வைரம். கோடு தூங்கியது.

டாக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டே, அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்: "இவனை கேட் காவல் வேலைல போட்டுடறேன். தூசி கிடையாது. ஆனா இரும்புன்னு எழுத மாட்டேன். ஒவ்வாமைன்னுதான் எழுதுவேன்."

திங்கட்கிழமை அந்தத் தூசிக்குள் போக வேண்டாம் என்று தங்கச்சி நினைத்தாள். அண்ணன் சரியென்று தலையாட்டினால் போதும்.

அண்ணன் ஆட்டவில்லை. "என் சக்கரத்துல யாரை நிறுத்துவீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

"பதினாறு பேர் இருமுறாங்க அந்த ஷெட்டுல. எல்லாருக்கும் ஒரே ஒவ்வாமையா? த்தூ!"

டாக்டர் கதவை அறைந்துவிட்டுப் போனார். அண்ணன் வெகுநேரம் இருமினான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நாளைக்குப் பக்கத்துச் சக்கரத்துக்காரனைக் கூட்டிட்டு வர்றேன். பய முடிமேல உசுரையே வச்சிருக்கான். பிடிச்சு உக்கார வச்சு நானே வழிச்சு விடறேன்."

தங்கச்சி வைரத்தை மறுபடி மேலே தூக்கி, அடுத்த நெஞ்சுக்கு இடம் விட்டாள்.