சிறகுவீரனுக்குக் குரல் கொடுத்தவர்

அவர் டப்பிங் கலைஞர். படத்துக்குப் படம் பறந்து வந்து உலகத்தைக் காப்பாற்றும் சிறகுவீரனுக்குத் தமிழில் பேசுகிறவர். ஆளைப் பார்த்தால், ஊதினால் பறந்துவிடுவார். குரலோ கூரையைப் பிய்க்கும். போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், சூப்பர் ஹீரோ படங்களிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்று முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார்.

"எதிர்ல நிக்கறவன் எவ்வளவு பெரிய ஆளுன்னு பாக்காதீங்க பசங்களா. அடி வாங்கறவன் பக்கம் போய் நில்லுங்க."

கைதட்டல் காதைப் பிளந்தது. பத்தாவது படிக்கும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான், ரெக்கார்டிங்கைப் பார்க்க இன்று கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கத்துகிற காட்சி உள்ள நாளில் அவர் காலையிலிருந்தே வாய் திறப்பதில்லை. தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமே. வீட்டில் எல்லாம் கைஜாடைதான். இன்றும் அப்படித்தான். "தினமும் ரெக்கார்டிங் இருந்தா எவ்வளவு நிம்மதி!" என்பாள் மனைவி.

ஸ்டூடியோ வாசலில் ஒரு கார்க்காரர் செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வழியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள் என்று சொன்னதுதான் அந்த மனுஷர் செய்த குற்றம். தினமும் "வாங்க ஹீரோ சார்" என்று இவருக்குக் கதவு திறந்துவிடுகிறவர். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். செக்யூரிட்டியும் அவரைத்தான் பார்த்தார்.

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அந்த ஆள் படக் கம்பெனிக்கு வேண்டியவராக இருந்துவிட்டால்? தன்னையும் ஓர் அறை விட்டுவிட்டால்? தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். சாக்குச் சொல்ல அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"அவரை விடுங்க அங்கிள்!"

மகளின் குரல் கீச்சென்று உடைந்தது. போய்க் குறுக்கே நின்றுவிட்டாள். சின்னப் பெண்ணே நிற்கிறாளே என்று அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு ரோஷம் வந்தது. அவர்கள் முன்னால் வந்ததும் கார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

உள்ளே, மைக்கின் முன்னால், "அவனை விடுடா!" என்று சிறகுவீரன் கர்ஜிக்க வேண்டும். முதல் டேக்கிலேயே ஓகே ஆனது.

"பிச்சு உதறிட்டீங்க சார்!" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பதிவானதைத் திரும்பப் போட்டார்கள். அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்க அவரால் முடியவில்லை.

அதற்குள் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். படிக்கட்டில் ஓடிப்போய் அவளைப் பிடித்தார்.

"பாப்பா, உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். தொண்டைக்கு ஒண்ணுமில்ல. பயமா இருந்துச்சு."

அவள் நின்றாள்.

"எனக்கும் பயமாத்தான்பா இருந்துச்சு."