வெள்ளிக்கிழமை வரக்கூடாத போன்

ஆறு வருஷமாக அந்த கூரியர் கம்பெனியின் பழைய புரோகிராம் அவள் ஒருத்தியின் பிடியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதை ஓட்டினால்தான் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்ற பட்டியல் வரும். நடுவில் மூன்று இடத்தில் முரண்டு பிடித்து நிற்கும். எதைத் தட்டினால் நகரும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். வேண்டுமென்றேதான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பிழைக்க வந்த ஊர். ஆள் குறைப்பு என்று யாராவது முணுமுணுத்தாலே அடுத்தது தானோ என்று பயப்படுவாள். 'நான் இல்லாமல் வண்டி கிளம்பாது' என்று நினைத்த பிறகுதான் தூக்கம் வரும்.

இப்போது அந்த புரோகிராமையே வருஷக் கடைசியில் மூடப் போகிறார்களாம். பதறியடித்துப் புது டீமுக்கு விண்ணப்பித்தாள். தேர்வும் ஆனாள். மேனேஜர்தான் விடவில்லை.

"நீ போயிட்டா இதை யாரும்மா பாக்குறது?"

தன் கையாலேயே தனக்கு விலங்கு பூட்டிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அவள் கெஞ்சியதில் அவர் இறங்கி வந்தார். "மூணு வாரம் எதிர் சீட்டு பையனுக்குச் சொல்லிக் குடு. நாலாவது வெள்ளிக்கிழமை லீவு போடு. போன் பேசாம பட்டியல் வந்துட்டா நீ போகலாம். அவன் கூப்பிட்டாலும் சரி, நீ கூப்பிட்டாலும் சரி, பேசிட்டா நீ போக முடியாது."

எதிர் சீட்டுக்காரனுக்கு ஆபீஸ் வைத்த பேர் 'கேள்வி'. அவள் நாற்பத்தொரு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"அக்கா, இங்க ஏன் ரெண்டு தடவை எண்டர்?"

"தெரியாதுடா. ஒரு தடவை தட்டினா நின்னுடும்."

"அப்ப 'தெரியாது'ன்னும் எழுதுங்க."

எழுதினாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி. வீடியோ காலில் ஊரிலிருந்து அவளுடைய அக்கா. பேச்சுக்கு நடுவே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ அக்கா! பட்டியல் வந்து விழறது என் கம்ப்யூட்டர்லதான். அது பூட்டிக் கிடக்கு. அதை எழுதவே இல்ல!"

"வாயைத் திறக்காதே. போன் பண்ணினா புது வேலை போச்சுடி!"

"நாற்பது டிரைவருங்க வாசல்ல நிப்பாங்கக்கா."

அக்காவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு 'கேள்வி'யைக் கூப்பிட்டாள். கட் செய்தான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கட். மூன்றாவது முறைக்குள் மெசேஜ் வந்தது.

"அக்கா, கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க! உங்க கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைப் புதன்கிழமையே கண்டுபிடிச்சு பொது மெஷினுக்கு மாத்திட்டேன். நாற்பத்திரண்டாம் பக்கம் நான் எழுதினது. வண்டிங்க கிளம்பியாச்சு. பேசலை, அதனால கணக்குல வராதுன்னு மேனேஜர் பக்கத்துல நின்னு சிரிக்கிறாரு."

அவள் கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். பிறகு எழுந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"நான் இல்லாமலே ஓடிடுச்சுக்கா!"

"அதுக்கு ஏன்டி மூக்கை உறிஞ்சுற? சந்தோஷமா, வருத்தமா?"

"கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாம், பாவிப்பய!" என்று சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டது.

"சரி, புது டீம்ல உனக்கு என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுக்கா."

"இதை இவ்வளவு சந்தோஷமா சொல்ற முதல் ஆளு நீதான்" என்றாள் அக்கா.