டர்போவுக்கு வடித்த ஒயில்

சுதந்திரம் வந்த பிறகும் வெள்ளைக்காரத் துரைகள் ஊருக்குக் கிளம்பாத காலம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில், தோட்டத்துப் பேச்சில் ஸ்டோரில், இராமையா இஞ்சின் டிரைவராக இருந்தார். இஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். மலை உயரத்தில் காற்று மெலிசு. படி ஏறினால் மனிதனுக்கே இளைக்கும். அந்த டீசல் இஞ்சினோ கொழுந்து அரைக்கும் ரோதைகள் அத்தனையையும் பகல் முழுக்கச் சுற்ற வேண்டும்.

துரை கொழும்புக்கு எழுதினார். தம்பிஐயா என்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் நத்தை மாதிரிச் சுருண்ட ஓர் இரும்பு. இஞ்சின் விடுகிற புகையிலேயே சுழன்று, வெளிக்காற்றை அள்ளி இஞ்சினுக்குள் திணிக்கும் சாமான். டர்போ என்று பெயர்.

மாட்டிய அன்றே இஞ்சின் இழுத்த இழுப்பில் ஸ்டோர் நுவரெலியாப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். வாசற்படி பழைய இடத்திலேயே இருக்கிறது, வாசல்தான் தள்ளிப் போய்விட்டது. அதன் விசில் சத்தம் நல்லதண்ணிவரை கேட்டது. அங்கே சாமி கும்பிட மலை ஏறியவர்கள் கடைசி பஸ் கிளம்புகிறது என்று நினைத்துச் சாமியைப் பார்க்காமலே பாதியில் இறங்கி ஓடிவந்தார்கள்.

இதுவரை இராமையாவுக்குச் சந்தோஷம்தான். சனியன் ஒயில் வடிவத்தில் வந்தது.

"இதின்ர அச்சு சுத்துற வேகத்துக்கு ஒரு தூசி போனாலும் காணும், முடிஞ்சுது," என்றார் தம்பிஐயா. டர்போவுக்கென்று தனியாக ஒரு சின்ன ஒயில் தொட்டி வைத்தார். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று. குழாயின் நடுவே ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் ஒயில் சொட்டுச் சொட்டாக விழுவது தெரியும். தொட்டியில் ஊற்ற, கம்பி வலை வைத்த பித்தளைப் புனல். பிறகு அங்கே நின்ற எல்லாருடைய கையையும் புரட்டிப் பார்த்தார். இராமையாவின் கையில் இஞ்சினே குடியிருந்தது. தூள் சலிக்கும் அறையில் வேலை செய்த சிவசாமியின் கை கல்யாண மாப்பிள்ளையின் கை மாதிரி இருந்தது. ஒயில் வேலை சிவசாமிக்குப் போயிற்று.

சிவசாமி வேறு யாருமில்லை, இராமையாவின் தங்கை நாகலெட்சுமியின் புருஷன். அது இன்னும் எரிந்தது.

ஸ்டோரைக் காக்கும் ரோதைமுனிக்கு வருடம் ஒரு பூசை. அன்று பூசாரி இஞ்சின் டிரைவரின் தலையில் சிவப்புப் பட்டுத் துணியைப் பரிவட்டமாகக் கட்டுவார். தோட்டத்தில் இராமையாவுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். இந்த வருடம் பெரிய கங்காணி, "டர்போவப் பாக்குறவருக்குக் கட்டுறதுதானே மொறை?" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் குளிக்கிற பீலிக்கரையில் நாகலெட்சுமி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்க மச்சானுக்குத் தலை சின்னது. பரிவட்டம் கண்ணுல வந்து விழுந்துரும். எப்படிக் கட்டுனா நிக்கும்னு சொல்லிக் குடுங்களேன்."

"மண்டைக்குள்ள ஏதாச்சும் இருந்தா தானா நிக்கும்."

"அப்ப இத்தன வருசமா ஒங்களுக்கு எப்படிண்ணே நின்னுச்சு?"

இராமையா அன்றைக்குக் குளிக்கவில்லை.

முனிக்கு விளக்கேற்றும் எண்ணெயைப் புதுத் துணியில் வடித்து ஊற்றுவதுதான் வழக்கம். சாமிக்கே துணி என்றால் டர்போவுக்குக் கம்பி வலை எந்த மூலைக்கு? மறுநாள் காலை சிவசாமி வருவதற்குள், துரை பார்க்கும்படி, இராமையா கோடி வேட்டியை நாலாக மடித்து ஒயிலை வடித்துத் தொட்டியில் ஊற்றினார். துரை "குட்" என்றார்.

அந்த ஒரு சொல் சிவசாமிக்குச் செரிக்கவில்லை. அடுத்த நாள் நாகலெட்சுமியின் கல்யாணச் சேலையோடு வந்து வடித்தார். இராமையா இரண்டு வேட்டி கொண்டுவந்தார். சிவசாமி தலையணை உறையை அவிழ்த்து வந்தார். இப்படியே போய், தகர டின்னில் ஒயில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது தெளிந்துவிட்டது. வெறும் தகரம் என்று நினைத்துக் கணக்கப்பிள்ளை உள்ளே தலையை விட்டுப் பார்த்தவர், தீபாவளிவரை தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

பூசை நாள் காலையில் ஓடிக்கொண்டிருந்த டர்போவின் விசில் கொஞ்சம் கம்மியது. இராமையாவின் காதுக்கு மட்டும்தான் அது கேட்டது. குமிழைப் பார்த்தார். சொட்டு விழவில்லை. டர்போ தாகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சிவசாமி வாசலில் பூசைக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். டர்போ எரியும், பழி சிவசாமிக்கு, பட்டு வீடு திரும்பும். இராமையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. டர்போ எரிந்தால் கொத்மலைவரை என்ன பேசுவார்கள்? சிவசாமி எரித்த டர்போ என்று பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவார்கள். இராமையா எரித்தது என்று இந்த உலகத்தில் ஒரு பீடிகூடப் பெயர் பெற்றதில்லை. அந்தப் புகழும் அவனுக்கா? நினைக்கவே பொறுக்கவில்லை. பாய்ந்து போய் டீசலை அடைத்தார். இஞ்சின் நின்றது.

பூசைக்கு வந்திருந்த தம்பிஐயா குழாயைக் கழற்றி ஊசியால் நோண்டினார். விளக்குத் திரி மாதிரித் திரண்ட நூல் வெளியே வந்தது.

"துணியாலயோ வடிச்சனியள்? துணி நூல் விடும் எல்லோ. கம்பி வலையை என்னத்துக்குத் தந்தனான்?"

"மச்சான்தாங்க ஆரம்பிச்சாரு," என்றார் சிவசாமி.

"நான் வேட்டியோட நிறுத்திக்கிட்டேங்க. இவருதான் தலகாணி வரைக்கும் போனாரு."

"இஞ்சினை நிப்பாட்டினது ஆர்?"

"நான்தாங்க."

"நல்ல வேளை. அச்சு தப்பிட்டுது."

குழாயை ஊதிச் சுத்தம் செய்து, வலைப் புனலில் புது ஒயில் ஊற்றி, குமிழில் சொட்டு விழுந்த பிறகே இஞ்சினை ஓடவிட்டார்கள். பூசாரி பட்டோடு, யாருக்குக் கட்டுவது என்று தெரியாமல் நின்றார். தொட்டியைப் பார்க்கிறவர் துணியில் வடித்தார். இஞ்சினை நிறுத்தியவர்தான் துணியைத் தொடங்கி வைத்தார். பெரிய கங்காணி மீசையைத் தடவினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கும் வேணாம். அதுக்கே கட்டுங்க," என்று டர்போவைக் காட்டினார் கங்காணி.

பூசாரி டர்போவின் கழுத்தில் பட்டைச் சுற்றினார். சாம்பிராணி காட்டினார்.

"என் டர்போதானே, மச்சான். எனக்குக் கட்டுன மாதிரிதான்," என்றார் சிவசாமி.

"மாட்டியிருக்கிறது என் இஞ்சின்ல, மாப்ள."

இரும்பு காயக் காயப் பட்டு கருகத் தொடங்கியது. முனி ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி எல்லாரும் கும்பிட்டார்கள். இராமையா மட்டும் கும்பிடவில்லை. தன் தலையில் கட்டிய எந்த வருடமும் அந்தப் பட்டு இவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றார்.