கையெடுக்காமல் போட்ட பெருக்கல் குறி

1

இந்தக் கதை எனக்கு எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் கிடைத்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆண்டுதோறும் வந்து பாடம் நடத்துவார்கள். இந்த ஆண்டும் வந்தார்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடி போட்டு மூடுங்கள், புகை வந்தால் குனிந்து போங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள். நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தலையாட்டினோம். பாதிப் பேர் செல்போனுக்குள் இருந்தார்கள், என்னையும் சேர்த்து.

கடைசியில் நிலைய அதிகாரி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். வழக்கமாக யாருக்கும் இருக்காது. அன்று கீழ் வீட்டு அம்மா எழுந்தார்.

"கதவுல சாக்பீஸால பெருக்கல் குறி போடறீங்களே, அது எதுக்கு சார்?"

அதிகாரிக்கு மகிழ்ச்சி. "நல்ல கேள்விம்மா. உள்ள போகும்போது ஒரு கோடு போடுவோம். முழுசாத் தேடி முடிச்சு வெளிய வந்ததும் குறுக்க இன்னொரு கோடு. பெருக்கல் குறி இருந்தா, அந்த வீட்டைப் பார்த்தாச்சு, யாரும் இல்லைன்னு பின்னாடி வர்றவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"அப்ப ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கையை எடுப்பீங்க."

"எடுத்துத்தானேம்மா ஆகணும். நடுவுலதானே வீடு முழுக்கத் தேடறோம்."

"எங்க கதவுல கையெடுக்காமப் போட்டிருந்தது சார். ரெண்டு கோடும் ஒரு வளைவுல சேர்ந்திருந்தது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் இங்கே குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன் பக்கத்துத் தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தார். அங்கே படிக்கட்டடியில் மின்பெட்டி பற்றி எரிந்ததும், காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த அவருடைய மகள் புகையில் இறந்துபோனதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது, மாற்றலாகிப் புதிதாக வந்தவர்.

அதிகாரிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் ஒருவரின் கை அப்படியே நின்றது. நான் அதைப் பார்த்தேன். இதுவரை சொன்னது நடந்தது. அந்தக் கை ஏன் நின்றது என்பதற்கு இனி நான் சொல்லப்போகும் காரணம் என் கைச்சரக்கு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"சங்கு ஊதியது. வீரர்கள் பறந்தார்கள்." [வேண்டாம். செய்தித்தாள் வாடை.]

"தீ ஒரு" [இத்தோடு நிறுத்திக்கொண்டது நல்லது. மகளைப் பறிகொடுத்தவர் கீழ் வீட்டில் இருக்கும்போது தீயைப் பற்றி உவமை வேறு வேண்டியிருக்கிறதா எனக்கு?]

"நிலையத்தில் எல்லோரும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள், அவனுக்குத் தாடி கிடையாது."

இது தேறும். கை நின்ற அந்த வீரர்தான் இந்தத் தாடி. வேலையில் சேர வந்தபோது வைத்திருந்தான். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, இடுக்கில் புகை போகும் என்று அன்றே மழிக்க வைத்தார்கள். தாடி போனது, பெயர் நின்றுவிட்டது. தங்கையின் கல்யாணப் பத்திரிகையில்கூட நண்பர்கள் அடைப்புக்குறிக்குள் 'தாடி' என்று அச்சடிக்கச் சொல்லி வம்பு செய்தார்கள். அந்தத் தங்கையைக் கட்டிக்கொண்டவனும் அதே நிலையத்துக்காரன்தான். தாடிக்கு அவன் மாப்பிள்ளை. நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அந்தக் குறியைப் போட்டவன் மாப்பிள்ளை.

3

முதல் வரைவில் மாப்பிள்ளையைச் சோம்பேறியாக எழுதினேன். குடிப்பான் என்றும் ஒரு வரி வைத்தேன். எழுத எழுத எனக்கே கூச்சமாகிவிட்டது. கெட்டவன் செய்த தப்பு என்றால் படிக்கிற உங்களுக்கும் நிம்மதி, எழுதுகிற எனக்கும் சுலபம். அடித்துவிட்டேன்.

இப்போது அவன் நல்ல வேலைக்காரன். புகை மண்டிய நடையில் எதிர்வீட்டுப் பெரியவரை இழுத்துவந்து, கூட வந்தவரின் தோளில் ஏற்றிக் கீழே அனுப்புகிறான். அந்த நேரம் முதுகிலிருந்த காற்று உருளை விசிலடிக்கத் தொடங்குகிறது. காற்று தீரப்போகிறது, வெளியேறு என்று அர்த்தம். ஒரு கதவு பாக்கி. அதைத் தள்ளித் திறந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துகிறான். பதில் இல்லை. சாக்பீஸை எடுத்துக் குறி போட்டுவிட்டு இறங்கி ஓடுகிறான்.

ஒரு கோடு மட்டும் போட்டிருந்தால் போதும். பின்னால் வருகிறவர்கள் உள்ளே போயிருப்பார்கள். ஏன் இரண்டாகப் போட்டான்?

இந்தக் கேள்வியில் கதை நெடுநாள் நின்றது. பிறகு நிலையத்துப் பின்புறம் இருக்கும் பயிற்சிக் கோபுரத்தைக் கற்பனை செய்தேன்.* அங்கே அறைகள் எப்போதும் காலி. யார் முதலில் மேலே போய்ச் சேர்வது என்று போட்டி. காலி அறைக்கு எதற்கு இரண்டு முறை சாக்பீஸ் எடுப்பது? போகிற போக்கில் ஒரே இழுப்பு, ஒரு வளைவு, பெருக்கல் குறி. அதில் மாப்பிள்ளை கெட்டிக்காரன். கைதட்டி முதுகில் தட்டிக்கொடுத்தவர்களில் தாடியும் ஒருவன். அன்று அந்தக் கதவின் முன்னால் வேலை செய்தது மாப்பிள்ளையின் புத்தி அல்ல, பழகிப்போன கை.

* கோபுரம் உண்மையிலேயே இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால், இருந்துவிடுமோ என்று பயம்.

4

[தாடி அப்போது கீழே குழாய் பிடித்துக்கொண்டிருந்தான்.]

மேலே உள்ள வாக்கியம் பொய். அவனைக் காப்பாற்ற எழுதினேன்.

தாடி இரண்டாவது குழுவில், உருளை நிறையக் காற்றோடு அதே நடையில் வந்தான். விளக்கடித்துப் பார்த்தான். கரி படிந்த கதவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி. கோடுகள் வளைவில் சேர்ந்திருந்தன. யாருடைய கை என்று பார்த்த உடனே தெரிந்தது. 'மாப்ளே, இங்கயுமா ஒரே இழுப்பு' என்று நினைத்தான். முகமூடிக்குள் சிரிப்புகூட வந்தது. கூட வந்தவரிடம், "பார்த்தாச்சு, மேல போலாம்" என்றான்.

எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம் அந்தச் சிரிப்புதான்.

தீ அணைந்த பிறகுதான் அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். விசாரணையில் "புகை அடர்த்தி" என்று முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஓட்டுநர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்; இப்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்குவதில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தங்கை மட்டும் அண்ணனைக் கேட்டாள்: "என்னண்ணே ஆச்சு அவருக்கு? வீட்டுல ஒரு கதவைக்கூட மூட விட மாட்டேங்கிறாரு." தாடி, "வேலைக் களைப்பும்மா" என்றான்.

5

திரும்ப வண்டி நிறுத்துமிடத்துக்கு வருவோம். கூட்டம் கலைந்தது. கீழ் வீட்டு அம்மா நேராகத் தாடியிடம் போனார். அவருடைய முதல் கேள்வி என் காதில் விழுந்தது.

"தம்பி, அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்களா?"

அதற்குள் யாரோ வண்டியின் பம்பை ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் மற்றது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. தாடியின் வாய் அசைந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தாடி சுருட்டிய குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மா நின்றபடியே இருந்தார்.

முடிவு அ: தாடி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். "அந்தக் குறியைப் பார்த்தேம்மா. தெரிஞ்சும் தாண்டிப் போனேன்." மாப்பிள்ளைக்கு வேலை போகிறது. தங்கை இவன் முகத்தில் விழிப்பதில்லை. அந்த அம்மாவுக்கு மகள் மறுபடியும் ஒருமுறை சாகிறாள்.

முடிவு ஆ: "நாங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சும்மா. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." அவர் நம்புகிறார். குடும்பம் தப்பிக்கிறது. தாடி இனி எந்தக் குறி போட்ட கதவையும் திறக்காமல் தாண்ட மாட்டான், அதனால் இன்னொரு இடத்தில் நேரம் போய் இன்னொருவர்

[இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.]

முடிவு இ எழுத உட்கார்ந்தபோது அழைப்பு மணி அடித்தது.

6

கீழ் வீட்டு அம்மா. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நீங்க கதை எழுதறவராமே. அன்னைக்கு எங்களையே பார்த்துட்டிருந்தீங்க."

திருட்டு முழி முழித்தேன். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா..."

"எழுதுங்க. நான் வேண்டாம்னு சொல்ல வரல. அந்தத் தம்பி பேரைப் போடாதீங்க, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க. மத்தபடி உங்க இஷ்டம்." படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு சார். அவ உள்ளேருந்து கூப்பிட்டான்னு மட்டும் எழுதிடாதீங்க."

நான் அப்படி எழுதவே இல்லை. 'பதில் இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன், நீங்களும் பார்த்தீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. காதருகே விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சல்காரப் பெண்ணின் குரல் எப்படிக் கேட்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தாடி அவரிடம் அதைச் சொல்லியிருப்பானா? இல்லை, பெற்றவளுக்கு ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லையா?

அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே கதவுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. தாடி சொன்னது அ-வா ஆ-வா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கூப்பிடவில்லை என்று, தயவுசெய்து, அந்த அம்மாவுக்காக, உங்களால் முடிந்தால் நம்புங்கள். என்னால் முடியவில்லை.