விசா வரட்டும், தாலி பிறகு

என் மருமகன் டென்மார்க்குக்கு வரமுடியாது என்ற கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகளின் போனுக்கு வந்தது. தபாலில் வரவில்லை. இந்த நாட்டில் கெட்ட செய்தியைக்கூடக் கையில் வாங்கிக் கிழித்தெறிய முடியாது.

வேலை முடிந்து வந்த சயந்தினி சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் நின்று அதை வாசித்தாள். டேனிஷில் வாசித்து, எனக்கும் தாய்க்கும் தமிழில் சொன்னாள்.

"விசாவுக்காகச் செய்த கலியாணமாம்."

"ஆர் சொன்னது?"

"குடிவரவுக் கந்தோர்."

"கலியாண எழுத்து எழுதின கடுதாசி குடுத்தனாங்கள்தானே. முத்திரை கிடக்கு, கையெழுத்துக் கிடக்கு. இன்னும் என்ன வேணுமாம், அறைக்குள்ளை வந்து எட்டிப் பாக்கப் போறாங்களோ?"

"வாயை அடக்குங்கோ," என்றாள் என் மனைவி சரோஜினிதேவி.

நான் ஏன் அடக்கவேண்டும்? ஒன்றரை வருஷம் அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தோம். ஹ்விடோவ்ரேயில் நாங்கள் இருக்கும் வீட்டின் நீள அகலம் கொடுத்தோம். மகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற கடிதம் கொடுத்தோம். மருமகன் கஜதீபன் இணுவிலில் இருந்து கொழும்புக்குப் போய் இங்கிலிஷ் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எனக்கே விளங்கியது, ஒரு கடுதாசியும் குறையவில்லை என்று.

"என்ன காரணமாம்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளும் ஒரு வீட்டிலை இருக்கேல்லையாம். குடுத்த படம் ஒண்டிலையும் நாங்கள் தனிய இல்லையாம். அவர் காலமை என்ன சாப்பிடுறவர் எண்டு என்னட்டைக் கேட்டவை. எனக்குத் தெரியேல்லை."

"புட்டு எண்டு சொல்லியிருக்கலாமே. ஊரிலை வேறை என்னத்தைத் தின்னுறாங்கள்?"

"அவர் காலமை ஒண்டும் சாப்பிடுறேல்லை அப்பா. வெறும் தேத்தண்ணி. அவரிட்டையும் கேட்டிருக்கினம்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம் எழுதியவனைப் பார்க்கவேண்டிய பார்வை அது.

எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேறு, தாலி வேறு. பதிவுகாரர் வந்து எழுதிவிட்டுப் போனால் சட்டத்துக்குப் புருஷன் பெண்சாதி. தாலி கட்டினால்தான் ஊருக்கு. வெளிநாட்டுக் கலியாணம் என்றால் முதலில் எழுத்தை எழுதிவிட்டு விசாவுக்குப் போடுவார்கள். அதற்குள் தாலியையும் கட்டிச் சேர்த்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கஜதீபன் வீட்டார் அதைத்தான் கேட்டார்கள். நான் மறுத்தேன். விசா வரட்டும், தாலி பிறகு என்றேன்.

எழுத்துக்காக யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை நின்றோம். சயந்தினியைக் கோண்டாவிலில் என் தங்கச்சி தவமணி வீட்டில் வைத்திருந்தேன். அவன் பின்னேரம் ஐந்து மணிக்கு வருவான். விறாந்தையில் நானும் இருப்பேன். தேத்தண்ணி குடிப்பான், ஆறு மணிக்கு எழும்புவான். எழுத்து நடந்த அன்று எடுத்த படங்களில் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் நிற்கிறேன். நில் என்று யாரும் சொல்லவில்லை.

மகள் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். டேனிஷ்காரி. எட்டுக் கிழமைக்குள் முறையீடு கொடுக்கவேண்டும் என்றாள். நானும் போனேன். அவள் கேட்டதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஏன் அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை?

"எங்கடை சமயம் எண்டு சொல்லு. தாலி கட்டாமல் சேர விடமாட்டம்," என்றேன்.

சட்டத்தரணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்படி எழுதினால், உங்கள் சமயத்தில் இவர்கள் இன்னும் கலியாணம் கட்டவே இல்லை, பிறகு எதற்குப் புருஷன் என்று விசாக் கேட்டீர்கள் என்பார்களாம்.

"அப்ப இனிக் கட்டுறம்."

இப்போது கட்டினால், விசா இல்லை என்றதும் அவசரமாகக் கட்டினார்கள் என்பார்களாம்.

எனக்கு மண்டை கொதித்தது. "முன்னாலை போனாலும் அடி, பின்னாலை போனாலும் அடி. இவள் எங்கடை ஆளோ, அவங்கடை ஆளோ?"

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. சட்டத்தரணி என்னைப் பார்த்து வேறு ஒரு கேள்வி கேட்டாள். உண்மையில் எதற்காகத் தாலியைத் தள்ளிப் போட்டீர்கள்?

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. சொன்னேன்.

"விசா கிடையாமல் போனால் எழுத்தை வெட்டிவிடலாம். தாலியை வெட்டேலாது. பெடியன் இவளைப் பாத்து வாறானோ, டென்மார்க்கைப் பாத்து வாறானோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

சயந்தினி எழும்பி யன்னல் பக்கம் போனாள். பிறகு திரும்பி வந்து, நான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் டேனிஷில் சொன்னாள்.

சட்டத்தரணி பேனையை எடுத்தாள். இதை உங்கள் பெயரில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள் என்றாள். அவர்களைப் பிரித்து வைத்தது நீங்கள், அவர்கள் விருப்பம் இல்லை என்று தெரியவேண்டும். வெல்லும் என்று வாக்குத் தரமாட்டேன், ஆனால் வேறு வழி இல்லை என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மகள் சொன்னாள், "அவங்கள் ஒரு கடிதத்திலை என்னை நம்பேல்லை எண்டு எழுதினவங்கள். நீங்கள் ஒன்றரை வருஷமாய் அதைத்தான் செய்தனீங்கள்."

"நான் உன்னை நம்பாமல் இல்லை. அவனைத்தான்."

"அவரைக் கட்டினது நான்தானே அப்பா."

இறங்கவேண்டிய இடம் வருவதற்கு முன்னமே எழும்பி மணியை அமத்தினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கடிதத்துக்கு இருந்தோம். நான் சொல்ல மகள் கொம்பியூட்டரில் டேனிஷில் அடித்தாள். கஜதீபனை நான் நம்பவில்லை என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இந்தக் கடிதத்தின்ரை கொப்பி அவருக்கும் போகும். தெரியும்தானே?"

தெரியாது. ஒருத்தனின் முகத்துக்குச் சொல்லாததை அவன் கடுதாசியில் வாசிக்கக்கூடாது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தா என்றேன். அன்றுவரை நான் அவனுக்குப் போன் அடித்ததில்லை.

"மாமா? சயந்திக்கு ஏதும் சுகமில்லையோ?" அவன் பயந்துவிட்டான்.

"அவள் சுகமாய் இருக்கிறாள். தம்பி, நான் ஒரு கடிதம் எழுதுறன். உன்னை நம்பாமல்தான் தாலியைத் தள்ளி வைச்சனான் எண்டு அதிலை எழுதிக் கிடக்கு. ஒளிக்கக்கூடாது எண்டு எடுத்தனான்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அதுக்கென்ன மாமா புதினம்? எங்கடை வீட்டு நாய்க்கும் தெரியும்."

"என்ன சொல்லுறாய்?"

"நாங்களும் உங்களை நம்பேல்லை. தாலியைப் பற்றிக் கேட்டால் வழுக்கிறார், அங்கை வேறை மாப்பிள்ளை பாக்கிறாரோ எண்டு அம்மா கிழமைக்கு ஒருக்காக் கேட்பா. எழுத்து எழுதின பொம்பிளையை உன்னட்டை விடாதவர் விசா வந்தாலும் விடுவாரோ எண்டு பக்கத்து வீட்டிலை நக்கல். எனக்கு வெளியிலை தலை காட்டேலாது."

தவமணி வீட்டு விறாந்தையில் நான் காவல் இருந்தது எனக்குத் தெரியும். இணுவிலில் ஒருவன் தலை குனிந்து திரிந்தது எனக்குத் தெரியாது. சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு.

"கொம்மாவிட்டைச் சொல்லு," என்றேன். "ஆவணியிலை நாள் பாக்கட்டும். கோயிலிலை கட்டுவம்."

மகள் பொறுங்கோ என்று கையைக் காட்டினாள். "அப்பா, லோயர் சொன்னதை மறந்திட்டியளோ? இப்ப கட்டினால் விசாவுக்கெண்டு சொல்லுவாங்கள்."

"சொல்லட்டும். கட்டாட்டிலும் அதைத்தானே சொன்னவங்கள். இனி அவங்களைக் கேட்டு நான் ஒண்டும் செய்யப் போறேல்லை."

"முறையீடு?"

"அதையும் போடு. ஒரு சொல்லும் மாத்தாதை."

அவள் லீவு கணக்குப் பார்த்தாள். ஐந்து கிழமை எடுக்கலாம் என்றாள்.

"நானும் அம்மாவும் கலியாணம் முடிய ஒரு கிழமையிலை திரும்புவம்," என்றேன். "தவமணி வீட்டிலை நிப்பம்."

"நான்?"

"நீ கஜதீபன் வீட்டிலை. வேறை எங்கை? கட்டினது நீதானே."

போனுக்குள் அவன் தாயைக் கூப்பிடுவது கேட்டது. மகள் திரும்பிக் கடிதத்தை அடிக்கத் தொடங்கினாள். நான் சொல்லாத வசனங்களும் விழுந்ததுபோல இருந்தது. வாசித்துக் காட்டு என்று கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

பதிலுக்கு ஒரு வருஷம் செல்லுமாம். விசா வரும் என்று நான் நம்பவில்லை.